சூரியனுக்குப் பக்கத்தில்

“சூரியனுக்குப் பக்கத்துல யாரு இருக்கா?”

ஆறு வயதில் றேணுகா இப்படிக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பஸ்தியாம்பிள்ளை நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், “உங்க சித்தப்பாதான்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். சிரிக்காதவள் அக்கா பெற்றீசியா ஒருத்திதான். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தங்கையைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள். பின்னாலிருந்து ஒரு கையை நீட்டிச் சூரியனை மறைத்தாள்.

“இப்ப பாரு. யாராச்சும் இருக்காங்களா?”

றேணுகா பார்த்தாள். அக்காவின் விரல் ஓரங்கள் சிவந்து தெரிந்தன. கையைச் சுற்றி நீல வானம்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, பெற்றீசியா மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“ஒண்ணுமே தெரியலயேக்கா.”

“இருக்கும்டி. வெளிச்சம் கூடிப்போச்சு, அதான் தெரியல.” பிறகு கையை உதறிக்கொண்டு சொன்னாள்: “கை விட்டுப்போச்சு. இது கடன், ஆமா. ஒரு நாளைக்கு நீ எனக்குப் புடிக்கணும்.”

நாற்பத்தொரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிலிமத்தலாவையில் அக்காவின் மேட்டு வீட்டு முன்னறையில், றேணுகா அந்தக் கைகளில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது வழுகி வழுகிப் பெட்டியின் வெள்ளைத் துணியில் விழுந்தது. மூன்றாம் தடவை விரல்களுக்கு இடையில் சிலுவையைச் செருகியதும் நின்றது.

பெற்றீசியா புதன்கிழமை விடியலில் இறந்துபோனாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனவள், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று கதிரையில் உட்கார்ந்தாள். புருஷன் லக்ஸ்மன் வெந்நீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் பிலிமத்தலாவைச் சந்தியில் ஒரு புடவைக் கடையில் துணி கிழித்துக் கொடுத்தவள். இரண்டரை மீட்டர் கேட்ட கிழவிக்குப் பாவாடை குட்டையாகிவிடும் என்று ஒரு சாண் கூட விட்டுக் கிழிப்பாள்; முதலாளி ஹபீல் ஹாஜியாரும் அதைப் பார்க்காதவர்போல் இருந்துவிடுவார். அவளைப் பற்றி ஊர் சொல்லக்கூடிய பெரிய செய்தி அவ்வளவுதான்.

றேணுகாவுக்காகத்தான் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். பசிபிக் கடலின் நடுவே ஒரு தீவின் மலையுச்சியில் அவளுக்கு வேலை. மூன்று விமானம் மாறி, விடியற்காலையில் வந்து சேர்ந்திருந்தாள். அடக்கம் நாலரைக்கு. கீழே பாதையோரம் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். முற்றத்துக் கொட்டகையில் வாடகைக் கதிரைகள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, சித்தி றலியா என்பவள், இரண்டு நாளாக மரண வீட்டுக்குச் சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பாணும் பருப்பும் கொண்டுவந்து றேணுகாவின் மடியிலேயே வைத்துவிட்டாள்.

“ரெண்டு வாய் திண்ணுங்க மகள். நீங்க பசியோட நிண்டா அவ பொறுக்க மாட்டா.”

கொட்டகையில் யாரோ, அந்தப் பொண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று விசாரித்தார்கள். சூரியனை அளக்கிற வேலை என்று சித்தி றலியா அறிந்த அளவில் விளக்கம் கொடுத்தாள். “அதுக்கு ஏன் அவ்ளோ தூரம் போகணும்? வெயில் இங்கயும்தானே அடிக்குது” என்று ஒரு கிழவர் கேட்க, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். றேணுகாவுக்கும் சிரிப்பு வந்தது. அதை அக்காவிடம் சொல்லத் திரும்பியபோது, அக்கா பெட்டியில் இருந்தாள்.

அவள் அளப்பது வெயிலை அல்ல. சூரியனைச் சுற்றி மெல்லிய ஒளி முடி ஒன்று இருக்கிறது. சூரியனைவிட லட்சம் மடங்குக்கும் மேல் மங்கல். முழுக் கிரகணத்தன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும். மற்ற நாட்களில் அதைப் பார்க்க, தொலைநோக்கிக்குள் ஒரு வட்டத் தகட்டை வைத்துச் சூரியனை மறைக்க வேண்டும். அந்த ஒளி முடியைக் கட்டிப் பிடித்திருப்பது காந்தம். காந்தத்தைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் நடுவிலிருந்து புறப்படும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு, சில வேளை பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற வடிகட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து, மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்தால் அந்த அடையாளம் மெல்ல மேலே வரும். பொறுமைதான் முக்கியம். றேணுகாவுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள்.

அக்கா விஷயத்தில் அது இல்லாமல் போயிற்று.

போன வருடம் பெற்றீசியாவுக்குக் கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். அதன் பிறகு வெளிச்சம் கூசியது. றேணுகா நல்லதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி அனுப்பினாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வீட்டு வாசலிலிருந்து பெற்றீசியா வீடியோவில் பேசுவது வழக்கம். வீட்டுக்குள்ளே சிக்னல் வராது. கண்ணாடி போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் முகம் நேராக இல்லை. தங்கையைப் பார்க்காமல், வேறெங்கோ, ஒரு தோள் தள்ளிப் பார்த்தபடியே பேசினாள். றேணுகா புதிதாக வெட்டிய முடியைக் காட்டிக் கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்றாள், பார்க்காமலே. நாலு வருடமாக ஊருக்கு வராத கோபம் என்று றேணுகா நினைத்தாள். நான்காவது ஞாயிறு அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

“என் மூஞ்சியப் பாக்க விருப்பமில்லன்னா சொல்லிருங்கக்கா.”

அந்தப் பக்கம் அவள் கண்ணாடியை மூக்கின் மேல் சரிசெய்துகொண்டாள். பிறகு பெற்றீசியா சிரித்தாள். “இனி வீடியோ வேணாம் புள்ள. டேட்டா முடியுது. குரல் போதும்.”

அதிலிருந்து குரல் மட்டும்தான். ஏழு மாதம். அழைப்புகளும் குறைந்தன. அக்கா கடைசி வரையில் தன் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்ற ஒன்றைத்தான் மூன்று விமானங்களிலும் றேணுகா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இனி யாரிடம் கேட்பது?

இரண்டரை மணிக்கு அர்கம் வந்தார். சந்தியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவர், தாடி நரைத்த மனிதர். பெட்டியருகே தலை குனிந்து நின்றுவிட்டு, லக்ஸ்மனிடம் கையைக் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய கடிதவுறை ஒன்றை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் றேணுகாவிடம் நீட்டினார்.

“அக்காட ஃபோன். திங்கக்கிழம தந்துட்டுப் போனாங்க. நீங்கதானே தங்கச்சி? ஸ்க்ரீன்ல ஈக்கிற படத்துல பாத்தீக்கிறேன்.”

என்ன பழுது என்று றேணுகா கேட்டாள்.

“பழுது ஒண்டுமே இல்ல. இதோட மூணு தரம் கொண்டாந்துட்டாங்க. ‘எல்லாம் நல்லாத்தான் வருது அர்கம், தங்கச்சிட முகம் மட்டும் கறுப்பா வருது’ண்டு செல்றாங்க. கடையில ஃபோன இப்பிடிச் சாச்சி வெச்சி, ‘இந்தா, இப்ப கறுப்பு’ண்டு காட்டுவாங்க. நான் பாத்தா வெளிச்சமா ஈக்குது.” அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “கண்ணுலதான் ஏதோண்டு வெளங்கிச்சி. மொகத்துக்கு நேர அதச் செல்ல மனசு வரல்ல. வெச்சிட்டுப் போங்க, பாக்கிறேண்டு சென்னேன். அதான் கடைசி.”

“கடைக்கு வரும்போது கண்ணாடி போட்டிருந்தாங்களா?”

“அதக் கழட்டுவாங்களா? தங்கச்சி அனுப்பினதுண்டு சந்தி முழுக்கக் காட்டியாச்சே.”

அர்கம் போன பிறகும் றேணுகா கடிதவுறையைப் பிடித்தபடி நின்றாள். பின்பு உள்ளறைக்குப் போய், அத்தானைக் கூப்பிட்டுக் கண்ணாடி எங்கே என்று கேட்டாள். லக்ஸ்மன் அலுமாரியைத் திறந்து, கோவிலுக்குக் கட்டும் சேலைகளுக்கு மேலிருந்து அதை எடுத்துத் தந்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டாள். ஃபோனை முடுக்கி நேராகப் பிடித்தாள். திரையில் அவளுடைய முகமே சிரித்தது. மெல்லப் பக்கவாட்டில் சாய்த்தாள். முகம் மங்கியது, இன்னும் சாய்க்க இருண்டது. முழுவதும் குறுக்காகத் திருப்பியபோது வெறும் கறுப்பு. திரும்பவும் நிமிர்த்தினாள். முகம் வந்தது.

ஃபோன் திரையிலிருந்து வருவதும் ஒரே திசையில் அதிரும் ஒளி. அந்தக் கண்ணாடியும் ஒரே திசையைத்தான் விடும். இரண்டும் குறுக்கே நின்றால் ஒன்றும் வராது. மலையைப் பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவள் முதலில் செய்து காட்டும் வித்தை இது. பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

“அக்கா ஃபோன எப்பிடி வச்சிப் பேசுவாங்க, அத்தான்?”

லக்ஸ்மன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “சீனி டின்னுல சாச்சி. நேரா வச்சா விழுந்துருதுன்னு குறுக்கால படுக்க வச்சிருவா. பூசையில இருந்து வந்ததும் தலை சீவி, பவுடர் போட்டு, அந்தக் கண்ணாடியும் போட்டுக்குவா. வாசல்ல ஒக்காந்தா கண்ணு கூசும். ஆனா அதுக்காக மட்டும் இல்ல. ‘றேணு வாங்கி அனுப்புனத நான் போட்டிருக்கேன்னு அது பாக்கணும்’ம்பா.”

“என்னய தெரியலன்னு ஏன் என்கிட்ட சொல்லல?”

“கண்ணு திரும்பப் போகுதுன்னு பயந்துட்டா. ஒங்கிட்ட சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவேன்னு என்னையும் வாய் தொறக்க விடல.” கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டபடி அவர் சொன்னார்: “பேசி முடிச்சிட்டு வந்து, ‘றேணு மெலிஞ்சிட்டா’ம்பா. நீ எங்க பாத்தன்னு கேப்பேன். ‘கொரல்ல தெரியுது’ம்பா.”

றேணுகா கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள் தன் கண்கள் இருப்பது அவளுக்கு அப்போது வசதியாக இருந்தது. லக்ஸ்மனும் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, அலுமாரிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். நல்ல மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். செய்தது வெளியே தெரியாது.

மூன்றேமுக்காலுக்குப் பங்குச் சுவாமியின் வாகனம் கீழே வந்து நின்றது. மேட்டு வீட்டுக்கு அறுபத்திரண்டு படி. சுவாமிக்கு முழங்கால் வலி, கைத்தாங்கலாகத்தான் அழைத்து வர வேண்டும் என்று லக்ஸ்மன் இறங்கினார். பெட்டி தூக்கும் ஆட்களும் படியின் வளைவில் எப்படித் திருப்புவது என்று பார்க்கப் போனார்கள். சித்தி றலியா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் பின்னால் போனாள். முன்னறையில் றேணுகாவும் பெட்டியும் மெழுகுதிரிகளும் மட்டும் மிஞ்சின.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து, அக்காவின் கைகளின் கீழே, செபமாலையின் பக்கத்தில் வைத்தாள்.

மேற்கே மலைக்கு மேல் மேகம் விலகியது. சுவரில் வெள்ளைத் துணி கட்டுவதற்காக ஜன்னல் சீலையைக் கழற்றியிருந்தார்கள். வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து, சுவரைத் தொட்டு, பெட்டியின் விளிம்பைத் தொட்டு, பெற்றீசியாவின் முகத்தில் விழுந்தது. இமைகள் மூடித்தான் இருந்தன. புரை எடுத்த கண் ஜன்னல் பக்கமாக இருந்தது.

றேணுகா ஜன்னலைப் பார்த்தாள். சாத்துவதற்குக் கதவு இல்லை, கம்பி மட்டும். பெட்டியின் தலைமாட்டில் ஜன்னல் பக்கமாக நின்று, வலது கையை நீட்டினாள். கையின் நிழல் முதலில் நெற்றியில் விழுந்தது. கொஞ்சம் இறக்கினாள். நிழல் இரண்டு கண்களையும் மூடியது. விரல் ஓரங்கள் சிவந்து ஒளிர்ந்தன.

கீழே படியில் சுவாமி நிற்பதும், யாரோ அவருக்குத் தண்ணீர் கேட்பதும் கேட்டது. வெயில் நகர, அவள் கையும் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை நகர்ந்தது. தோள் கனத்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியபோது, மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். மெழுகுதிரி ஒன்று உருகி வழிந்து நின்றது. நிழலில் அக்காவின் முகம் பக்கத்து வெயிலைவிடத் தெளிவாக இருந்தது: மூக்கின் மேல் அம்மைத் தழும்பு, உதட்டோரத்தில் பவுடர் ஒட்டாத சின்னக் கோடு.

பிறகு படியில் செருப்புச் சத்தம் நெருங்கியது. வெயில் அதற்குள் முகத்தைத் தாண்டித் தலையணை ஓரத்துக்குப் போயிருந்தது. றேணுகா கையை இறக்கி, இரண்டு தரம் மெல்ல உதறிக்கொண்டு, சுவாமிக்குக் கதிரையை நகர்த்தி வைத்தாள்.