அடுக்கி வைத்த ஸ்டூல்கள்

ஆறு ஸ்டூல்களையும் ஸ்டாக் ரூமில் கொண்டுபோய் அடுக்கியவள் மாடி இன்சார்ஜ் நிக்கத். அப்படிச் செய் என்று யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காந்தி ரோட்டில் மாடியோடு கூடிய பட்டுக்கடை. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, முதலாளி கோதண்டபாணி பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். கும்பல் இல்லாத நேரத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த எவனோ ஒருவன், மரியாதை தெரியாத கடை என்று நெட்டில் எழுதிவிட்டான். மறுநாள் காலை சாமிக்கு விளக்கேற்றிய கையோடு, கோதண்டபாணி எல்லோர் எதிரிலும் நிக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாடிக்கு உன்ன இன்சார்ஜா போட்டது எதுக்குமா? இவங்க உக்காந்துக்கினு கதை பேசறத வேடிக்கை பாக்கவா? முடியலன்னா சொல்லு, மறுபடியும் கவுண்டருக்கே போயிடு."

நிக்கத் இன்சார்ஜ் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அவளும் வெள்ளைத் துணி விரித்த கவுண்டருக்குப் பின்னால், அலமுவுக்குப் பக்கத்தில் நின்றவள்தான். நிற்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சாயந்திரம் செருப்புக்குள் கால் நுழையாது. படுத்தால் பாதம் எரியும். தெரிந்துதான் ஸ்டூல்களைத் தூக்கினாள்.

"இன்னாடி நிக்கத், அதையும் விக்கப் போறியா?" என்றாள் அலமு.

"கொஞ்ச நாளைக்குதான்க்கா. முகூர்த்த சீசன் போவட்டும்."

"சீசன் போறதுக்குள்ள என் காலு போயிடும்."

பட்டுப் புடவை ஒரே மடிப்பில் கிடந்தால், மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை விட்டுப்போகும். அதனால் விற்காத புடவைகளை அவ்வப்போது பிரித்து மடிப்பு மாற்றி வைப்பார்கள். அந்த வேலை நடக்கும்போது அலமு வேண்டுமென்றே உரக்கப் பேசுவாள். "பொடவைக்கு ஒரே மாதிரி கெடந்தா ஆவாதுன்னு மாத்தி வெக்கறோம். நம்மள மாத்தி வெக்கத்தான் ஆளில்ல." பெண்கள் சிரிப்பார்கள். நிக்கத் காதில் விழாதவள்போல நகர்ந்துவிடுவாள். அலமுவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருப்பதைப் பார்த்திருந்தாள். பார்க்காமல் இருக்கவும் பழகியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். காலையிலிருந்து அவர்களுக்குப் புடவை பிரித்துப் போட்டவள் அலமு. மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கடைசியில் பெண்ணின் அம்மா ஒரு சந்தன நிறப் புடவையைத் தொட்டு, "இதான் முகூர்த்தத்துக்கு" என்று சொன்ன நேரத்தில்தான், பக்கத்துக் கவுண்டரில் இருந்த திரிஷா கத்தினாள்.

"யக்கா, ரத்தம்!"

கணுக்காலுக்கு மேல் நரம்பு வெடித்திருந்தது. வலி இல்லாததால் அலமுவுக்கே தெரியவில்லை. டைல்ஸில் ரத்தம் தேங்கியிருந்தது. கவுண்டருக்கு உள்பக்கமாகச் சரிந்து கிடந்த அந்தச் சந்தன நிறப் புடவையின் தலைப்பு அதில் தோய்ந்திருந்தது.

"முகூர்த்தப் பொடவைல ரத்தமா? எழுந்திருங்க எல்லாரும்" என்றாள் பெண்ணின் அம்மா. மொத்தக் கும்பலும் படியிறங்கிப் போய்விட்டது.

நிக்கத் துப்பட்டாவைச் சுருட்டி அலமுவின் காலில் வைத்து அழுத்தினாள். மேலே வந்த கோதண்டபாணி முதலில் புடவையைப் பார்த்தார். பிறகுதான் காலைப் பார்த்தார்.

"ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கேன் இல்ல? ஏன் உக்காரல? நாளைக்கு லேபர் ஆபீசர் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

திரிஷா நிக்கத்தைப் பார்த்தாள். நிக்கத் குனிந்த தலை நிமிரவில்லை.

"நான்தாங்க உக்காரல" என்றாள் அலமு. "எனக்கு நின்னாதான் பொடவை கைக்கு வரும்."

"அப்ப எல்லாம் உன் திமிருதான். நீ இனிமே வர வேணாம்."

நிக்கத்துக்கு வாயைத் திறக்க நேரம் இருந்தது. அவர் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு படி வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தார். நிக்கத் துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அலமுவின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்க்கா அப்டி சொன்ன?"

"நீ முழிச்ச முழியப் பாக்க சகிக்கலடி. திட்டிட்டுப் போயிடுவாருன்னு பாத்தேன். வேலைக்கே வேட்டு வெச்சிட்டாரு." அலமு சிரித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள், "நீ ஒரு வார்த்த பேசுவன்னு நெனச்சேன்."

மறுநாள் காலை கடை திறந்ததும் நிக்கத் ஸ்டூல்களை வெளியே எடுத்து வந்து போட்டாள். "உக்காருங்க" என்றாள். ஒருத்தியும் உட்காரவில்லை.

"எங்களுக்கு எப்போக்கா வேட்டு?" என்றாள் திரிஷா.

நிக்கத் கீழே இறங்கினாள். கோதண்டபாணி கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஸ்டூல உள்ள வெச்சது நான்தான். அலமு அக்கா மேல தப்பில்ல. அவங்கள வரச் சொல்லுங்க."

"தெரியும்மா." அவர் திரும்பவில்லை. "கேமரா எதுக்கு இருக்குது? நீ தூக்கினு போனத அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப நேத்து ஏன் சார் அவங்கள..."

"நீயே வாயத் தொறக்கல. நான் எதுக்குமா தொறக்கணும்? போ, கஸ்டமர் வர்ற நேரம்."

அவள் போகவில்லை. "ஆபீசர் வந்து கேட்டா இதையேதான் சொல்லுவேன் சார். ஸ்டூல் எங்க இருந்துச்சு, யார் எடுத்தா, யார் பாத்துக்கினு இருந்தா, எல்லாம்."

ஊதுபத்தியோடு அவர் திரும்பினார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கால் சரியாவட்டும். வரச் சொல்லு" என்றவர், "உன் வேலைய அப்பறம் பேசிக்கறேன்" என்றார்.

மாடியில் அலமு நிற்கும் இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். டைல்ஸ் இடுக்கில் மட்டும் கறை போகவில்லை. நிக்கத் ஒரு ஸ்டூலை அதன் மேல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்றே சொல்லியிருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும் என்று தோன்றியது. அதுதான் தாங்க முடியவில்லை.

படியில் ஆட்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது. கால் தானாக எழப் பார்த்தது. தொடைமேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வாங்கம்மா" என்றாள்.

பின்னால் திரிஷா ஒரு ஸ்டூலை இழுத்தாள்.