அட்டையில் இருந்த ஒரு சொல்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவளுக்கு ஒரே ஒரு கிறுக்கு. ஒரு யூத ஓவியரின் கல்லச்சுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பாள். கல்லில் வரைந்து, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுத்தவை. இருபது வருடத்தில் பதினெட்டுக் கிடைத்திருந்தன. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றையும் வைத்துக் காகிதம் அசலா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

எல்லாமே முகங்கள். தையல்காரர், பால்காரி, மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அத்தை. ஓவியர் பிறந்த தெருவில் இருந்தவர்கள். யூதர்கள் என்பதற்காக அத்தனை பேரையும் கொன்றுவிட்டார்கள். தப்பியவர் அவர் ஒருவர்தான். நினைவிலிருந்தே வரைந்தார்.

"ஒருத்தராவது சிரிக்கிறாங்களா பாரு. பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி இருக்கு," என்பான் தம்பி.

நகர நூலகத்தில் கண்காட்சி வைக்கக் கேட்டார்கள். சந்தோஷமாகக் கொடுத்தாள். நான்காம் நாள் நூலகர் கூப்பிட்டனுப்பினார். யூதர் படங்களை எதிர்த்து மொட்டைக் கடிதம் வந்திருக்கிறதாம். விவர அட்டையில் 'யூத ஓவியர்' என்பதை 'ஓவியர்' என்று மாற்றிவிட்டால் வம்பில்லை என்றார்.

"ஒரு வார்த்தைதானே மேடம்."

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் இவங்களைக் கொன்னாங்க. என் கையால அதை அழிக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே முதல் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பதினெட்டையும் அவளே கழற்றினாள், யாரையும் தொட விடவில்லை. தம்பி முணுமுணுத்துக்கொண்டே வண்டி கொண்டுவந்தான்.

வீட்டில் சோபாவை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு, கூடம் முழுக்கப் படங்களை மாட்டினாள். அட்டைகளை அவளே எழுதினாள், ஒரு சொல் குறையாமல். ஞாயிறுதோறும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வாசலில் தாள் ஒட்டினாள். யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினாள். மறுபடி கிழித்தார்கள். தகரத்தில் பெயின்டால் எழுதி ஆணி அடித்தாள்.

முதல் ஞாயிறு வந்தது நான்கு பேர். மூன்றாம் ஞாயிறு படிக்கட்டு வரை வரிசை நின்றது. தம்பி விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தான், பாதி தப்பாக.

அந்தக் கூட்டத்தில் நூலகரும் நின்றார். அத்தையின் முகத்துக்கு முன்னால் வெகுநேரம். பிறகு அவளிடம் வந்து, அட்டையை மாற்றாமலே படங்களைத் திரும்ப நூலகத்தில் வைக்கலாமா, கமிட்டியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

"கேளுங்க. எழுத்துல குடுத்தா யோசிக்கிறேன்," என்றாள். "இப்ப கொஞ்சம் நகருங்க சார், பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."