செந்தண்ணீர்ப் பாடு

மணவாளனுக்குக் கண் மங்கிக்கொண்டு வருவது அவன் பெண்சாதி தாயாரம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

நேரே இருப்பது அவனுக்குத் தெரிந்தது. எதிரில் நிற்பவர் முகம், தட்டில் சோறு, விரலுக்கிடையில் வலைக்கண் எல்லாம் தெரிந்தன. பக்கவாட்டில் இருப்பதுதான் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டு வந்தது. வாசலில் காயப்போட்ட கருவாட்டை மிதித்தபோது தாயாரம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டு, குறுக்கே வைத்ததற்காக மகள் அங்காளம்மாளைத் திட்டினான். குடம் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. அப்போதுதான் அவள் அவன் கண்ணைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

திருவள்ளூர் அமாவாசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திரும்பும்போது ரயில் பொன்னேரியில் நின்றது. இறங்கும்போது மணவாளன் சொன்னான்:

"உந்தம்பி காதுக்கு இது போவக் கூடாது."

"அவன்தான உன்கூடப் படகு ஏறுறான். அவனுக்குச் சொல்லாம எப்பிடி?"

"சொன்னா வேற ஆளச் சேத்துக்குவான். நான் கரையில குந்திக்கினு இன்னா பண்றது? நேரா இருக்கறது தெரியுது இல்ல? அது போதும்."

அவள் சரி என்றாள். பழவேற்காடு ஏரியை நம்பித்தான் அந்தக் குப்பம் முழுக்க இருந்தது. படகும் வலையும் மணவாளனுக்கும் அவள் தம்பி செங்கல்வராயனுக்கும் பொதுவில் இருந்தன. தம்பி பின்னால் நின்று கழி ஊன்றுவான், வலை இழுப்பான். மணவாளன் முன்னால் நின்று தண்ணீரைப் பார்ப்பான். பார்ப்பதுதான் அவன் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய கண்தான் அவனிடம் பாதி இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தாயாரம்மாள் அதை மூடி மறைத்தாள். படகுத்துறை வரைக்கும் வலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு இடப்பக்கமாகவே நடப்பாள். "கயிறு கெடக்குது", "நாய் படுத்திருக்குது" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே போவாள். பார்க்கிறவர்கள் அந்நியோன்னியமான புருஷன் பெண்சாதி என்று சிரித்தார்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது போய், ஒரே சீராக ராத்திரியும் பகலும் கொட்டியது. ஆரணியாறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்து ஏரியில் விழுந்தது. ஏரி ஏறி, படகு கட்டும் முளைகள் முழுகின. கரையோரப் பனைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. தண்ணீர் செங்கல்லை அரைத்துக் கரைத்த மாதிரி இருந்தது. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே விரல் தெரியாது.

மழை நின்ற மறுநாள் காலையில் செங்கல்வராயன் வந்தான். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று குப்பத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல பாடு அன்றைக்கு இவர்களுக்கு விழுந்திருந்தது. விட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"மாமா, இன்னா சொல்ற? தண்ணி ஏறிக்கினுதான் இருக்குது. ஆனா எறா மொத்தமும் கடலுக்கு ஓடும். இன்னிக்குக் கட்டுனா வலை தாங்காது."

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? கெளம்பு" என்றான் மணவாளன். அவன் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. உள்ளே துண்டு எடுக்க வந்தவன் பெண்சாதியிடம் மெதுவாகச் சொன்னான்: "இந்தத் தண்ணியில எல்லாரும் என்னாட்டந்தான் மே. எவனுக்கும் ஒண்ணும் தெரியாது."

தாயாரம்மாளுக்கு அது சிரிப்பாக இல்லை. தண்ணீருக்குள் யாருக்கும் தெரியாதுதான். தண்ணீருக்கு மேலே வருவதை யார் பார்ப்பது? அவள் வாசலுக்கு வந்து தம்பியின் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு வேணாம்டா. போவாதீங்க."

"ஏன் வேணாம்?"

அவன் நின்று, அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்துக்கொண்டும் இருந்தான். சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. பின்னால் மணவாளன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மனசு சரியில்ல" என்றாள்.

"உனுக்கு எப்பதான் மனசு சரியா இருந்துச்சு? சாயங்காலம் எறாத் தொக்கு பண்ணி வையி" என்று சிரித்துக்கொண்டே தம்பி படகை நோக்கி நடந்தான்.

முகத்துவாரத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் படகை நிறுத்தினார்கள். அங்கே ஏரி ஏரியாக இல்லை; ஆறாக ஓடியது. கழிகளை நட்டு வலையைக் கட்டுவதற்குள் செங்கல்வராயனுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அவன் சொன்னது பொய்க்கவில்லை. புது நைலான் வலை கட்டின கொஞ்ச நேரத்துக்குள் கனத்தது. முதல் இழுப்பில் வந்த இறாலைப் பார்த்து அவன் கூவினான்.

"மாமா, இங்க பாரு! வெள்ள எறா! ஒவ்வொண்ணும் ஒரு சாண்!"

மணவாளன் குனிந்து ஒரு பிடி அள்ளிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தான். இறால்கள் விரலிடுக்கில் துள்ளின. அவனும் வாய்விட்டுச் சிரித்தான்.

"தண்ணி வர்ற பக்கம் பாத்துக்கோ மாமா. ஆத்துல மரம் கிரம் வரும்."

"நீ இழு. நான் பாத்துக்கறேன்."

படகின் வலப்பக்க விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் செங்கல்வராயன் வலையைத் தூக்கினான். அவன் முதுகு ஆற்றுப் பக்கம் இருந்தது. மணவாளன் முன்னால் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு நேரே தண்ணீர் சுத்தமாக இருந்தது.

இடப்பக்கமாக வேரோடு ஒரு பனைமரம் வந்தது.

தூரத்தில் வலை கட்டியிருந்த, அதே குப்பத்துச் சுப்பராயனின் படகிலிருந்து கத்தினார்கள். சத்தம் வந்த வலது பக்கம் மணவாளன் திரும்பினான். செங்கல்வராயன் நிமிர்ந்து பார்த்தபோது பனைமரத்தின் வேர் படகில் முட்டிவிட்டது. படகு போய் வலைக்கழியில் மோதியது. விளிம்பில் ஊன்றியிருந்த அவன் கை கழிக்கும் படகுக்கும் நடுவே மாட்டியது. கத்தக்கூட நேரமில்லாமல் படகு கவிழ்ந்தது.

உள்ளே எல்லாம் சிவப்பாக இருந்தது, அப்புறம் கறுப்பாக. மூக்கிலும் வாயிலும் சேறு ஏறியது. காலைச் சுற்றிய வலையை உதைத்து உதைத்து விலக்கிக்கொண்டு, செங்கல்வராயன் மேலே வந்து ஒரு கழியைக் கட்டிக்கொண்டான். நாலு முழம் தள்ளி இன்னொரு கழியில் மணவாளன் தொங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா! இங்க! இங்க இருக்கேன்!"

"எங்கடா? செங்கலு, எங்க இருக்கற?"

மணவாளன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். அவன் பார்வை செங்கல்வராயனைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனது. ஒரு கையை நீட்டித் தண்ணீரைத் துழாவினான். பட்டப்பகல். நடுவில் ஒரு அலைகூட இல்லை. கை வலியைவிட அதுதான் செங்கல்வராயனுக்குள் இறங்கியது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்த முகத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுப்பராயன் வந்து இரண்டு பேரையும் தூக்கிப் படகில் போட்டுக் கரை சேர்த்தான். தாயாரம்மாள் ஓடி வந்து தம்பியின் கையைப் பார்த்தாள். இரண்டு விரல் நசுங்கித் தொங்கின. புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுற்றினாள். முடிச்சுப் போடும்போது அவன் கேட்டான்.

"மாமாவுக்குக் கண்ணு எப்பத்துலேருந்து இல்ல?"

அவள் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"அக்கா, உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காலையில கேட்டனே. ஏன் வேணாம்னு நின்னு கேட்டனே."

அதற்குள் அவன் பெண்சாதி குணசுந்தரி அழுதுகொண்டே வந்துவிட்டாள். பாதி கட்டின கையைப் பிடுங்கிக்கொண்டு அவன் எழுந்து நடந்தான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் விரல்களை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் அவை பிறகு மடங்கவில்லை. படகு இரண்டு நாள் கழித்துத் தெற்கே கரை ஒதுங்கியது. வலை கடலோடு போய்விட்டது.

மணவாளன் தானாகவே குப்பத்துப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றான். "தப்பு என்னுது. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சேதான் படகு ஏறுனேன். அவ வாய அடைச்சதும் நான்தான். அவள ஒண்ணும் கேக்காதீங்க" என்றான்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து தாயாரம்மாள் முன்னால் வந்தாள். "அவரு சொல்றது பாதிதான். அன்னிக்குக் காலையில எந்தம்பி வாய்விட்டுக் கேட்டான். அப்ப யாரும் என் வாய அடைக்கல."

செங்கல்வராயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகை முழுக்க அவனுக்கே விட்டுவிடுவதென்று ஆயிற்று. மணவாளனும் அதற்கு ஒத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு தாயாரம்மாள் இறால் தடவும் பெண்களோடு ஏரியில் இறங்கினாள். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, அடிச்சேற்றில் கையால் துழாவிப் பிடிக்கிற வேலை. தண்ணீர் தை மாசம் வரைக்கும் தெளியவில்லை. கூடை நிறையாத நாளில் மணவாளனும் இறங்கினான். ஆம்பிளை இந்த வேலைக்கு வருவதா என்று சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூரத்தில் தம்பியின் படகு போகும்போது அவள் எழுந்து நின்று பார்ப்பாள். முன்னால் சுப்பராயனின் தம்பி நின்றிருப்பான். தன் தம்பி முழங்கையை மடித்துக் கழியை இடுக்கிக்கொண்டு ஊன்றுவது தெரியும். அவன் இந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. வழியில் மணவாளனைப் பார்த்தால் மட்டும், "இன்னா மாமா, மருந்து உடறியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவான். அவளோடு அதுவும் கிடையாது.

"எம்மேல அவனுக்குக் கோவம் இல்ல மே" என்றான் மணவாளன் ஒருநாள். "நான் அசலு, வெளி ஆளு. நீ அவன் கூடப் பொறந்தவ."

"தெரியும்" என்றாள்.

அடுத்த ஆனியில் அங்காளம்மாள் பெரியவளானாள். பெண்ணைத் தனியாக உட்கார வைக்கப் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். அதைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அழைக்கப் போகத் தாயாரம்மாளுக்குக் கால் வரவில்லை. கண் இன்னும் மங்கிவிட்ட மணவாளனும் சுவரைத் தடவிக்கொண்டு கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிட்டான். மகள் ஒரு பாயில் முக்காடிட்டு உட்கார்ந்து, "மாமா வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் செங்கல்வராயன் தோளில் தென்னை ஓலைக்கட்டோடு வந்தான். பின்னால் குணசுந்தரி தாம்பாளத்தில் புதுச் சீலையும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. ஓலையைக் கீழே போட்டுவிட்டுக் கழி நட ஆரம்பித்தான். மணவாளன் தடவிப் போய்க் கழியைப் பிடித்துக்கொண்டான். மடங்காத விரல்களால் முடிச்சு நிற்கவில்லை; செங்கல்வராயன் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினான். உதவிக்கு வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று தலையாட்டினான்.

தாயாரம்மாள் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே அவன் சொன்னான்:

"அக்கா, கயிறு பத்தல. இன்னும் ரெண்டு முழம் எடுத்துக்கினு வா."

அவள் உள்ளே ஓடினாள். கயிறு எந்தப் பானைக்குப் பின்னால் இருக்கிறது என்று கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவே இல்லை.