ரொட்டிக்கு நின்ற கார்கள்

சாலையை அகலப்படுத்தியதிலிருந்தே முனிசாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். முனிசா என் தங்கை, இரண்டாம் வகுப்பு. எங்கள் குடியிருப்பான தூத்ஸோர் மஹல்லா சாலைக்கு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். முன்பு இரு ஓரமும் முசுக்கொட்டை மரங்கள் இருந்தன. ஒரு கார் போகும், ஒரு கார் வரும். இப்போது மரம் ஒன்றுகூட இல்லை. போக மூன்று வரிசை, வர மூன்று வரிசை. தாஷ்கண்டில் இருக்கிற வெள்ளைக் கார்கள் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகின்றனவோ என்று தோன்றும். கடப்பதற்கு வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். ஒரு பனிக்காலத்துக்குள் டயர்கள் அவற்றைத் தின்றுவிட்டன. சிக்னல் விளக்குக்குக் கம்பம் நட்டார்கள். விளக்கு வரவில்லை. வாடகைக்கு வீடு இருக்கிறது என்ற காகிதம்தான் அந்தக் கம்பத்தில் தொங்கியது.

அப்பா சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அகலமான சாலையின் முதல் வசந்தத்திலேயே ஒரு கார் அவர் இடுப்பை உடைத்தது. இப்போது உட்கார்ந்தபடியே மாவு பிசைகிறார். அவர் செய்த வேலை எனக்கு வந்தது. அதனால் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எனக்கு சைக்கிள் ஓட்டவும் தெரியாது, கடைக்காரர்களிடம் வாய் திறந்து பேசவும் வராது. முனிசா தவழ்ந்த காலத்துக் குழந்தை வண்டியில் ரொட்டியை அடுக்கி, பஞ்சுப் போர்வையால் மூடி, தள்ளிக்கொண்டு போவேன். எங்கள் பக்கத்தில் ரொட்டி விற்கிற பெண்கள் எல்லோரும் இப்படித்தான். குழந்தை வண்டிக்குள் குழந்தையைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

காலையில் ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறுகையால் முனிசாவைப் பிடித்துக்கொண்டு நான் சாலையைக் கடந்து திரும்பும்வரை, அம்மா தந்தூர் அடுப்பின் முன்னால் நின்று ஓதிக்கொண்டே இருப்பாள்.

அந்தப் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மறுபடியும் பேச்சு வந்தது.

"இந்த வாரத்தோட போதும்," என்றாள் அம்மா. "எழுதப் படிக்க வந்துடுச்சு. மீதியை வீட்டுல இருந்து படிக்கட்டும்."

"எனக்குக் கூட்டல்தான் வந்திருக்கு. கழித்தல் இன்னும் வரலை," என்றாள் முனிசா.

"கழித்தலை அந்த ரோடே சொல்லிக் கொடுத்துடும்," என்றார் அப்பா. "எனக்குச் சொல்லிக் கொடுத்தது பாரு, இன்னிக்கு வரைக்கும் மறக்கலை."

முனிசா சிரிக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இரோதாக்கா மாதிரி நானும் வண்டி தள்ளணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கோடுகளின் ஓரத்தில் வெகுநேரம் நின்றோம். எப்போதும் போல ஒரு காரும் வேகத்தைக் குறைக்கவில்லை. கொஞ்சம் இடைவெளி தெரிந்ததும் இறங்கினேன். முதல் வரிசையைத் தாண்டிவிட்டோம். இரண்டாவது வரிசையில் வந்த கார், முன்னால் போனதைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தது. அது வண்டியைத்தான் இடித்தது. என் கையிலிருந்து வண்டி பிடுங்கிக்கொண்டு போனது. கைப்பிடி முனிசாவை அடித்து அவளையும் இழுத்து எறிந்தது. போர்வை பறந்தது. ரொட்டிகள் சக்கரம் சக்கரமாக உருண்டு, ஆறு வரிசையிலும் ஓடி, ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன.

அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இருந்தும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எல்லாக் கார்களும் நின்றன. போகிற மூன்று வரிசை, வருகிற மூன்று வரிசை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கிறீச்சென்று ஒரே சத்தம். அதன் பிறகு சாலை அமைதியாகிவிட்டது. அந்தச் சாலையில் குருவிச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, அன்று கேட்டேன். கதவுகள் திறந்தன. ஆண்கள் இறங்கினார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் முழங்காலிட்டு, தன் காரின் அடியில் கையை விட்டு ஒரு ரொட்டியை எடுத்தார். முத்தமிட்டு, நெற்றியில் வைத்து, மறுபடி முத்தமிட்டார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். அதற்கும் அப்பால் ஒரு பேருந்து ஓட்டுநர். எல்லோரும் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். முத்திரை குத்திய முகம் தரையில் படத் தலைகுப்புறக் கிடந்தவற்றைத் திருப்பி, தூசியைச் சட்டையால் துடைத்து, கால் படாத உயரத்தில், ஓரச் சுவரின் மேல் வரிசையாக அடுக்கினார்கள்.

எங்களை இடித்தவனும் இறங்கினான். அவனும் முதலில் தன் டயருக்கு முன்னால் கிடந்த ரொட்டியைத்தான் எடுத்தான்.

முனிசா தார்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. ஒரு பெரியவர் அவளிடம் வந்து, "பிடிம்மா, யாராவது மிதிச்சுடப் போறாங்க," என்று ஒரு ரொட்டியை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளத்தான் பார்த்தாள். கை எழும்பவில்லை. முழங்கைக்குக் கீழே அது வேறு பக்கம் வளைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதருக்கு அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்பதே உறைத்தது போலிருந்தது.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தந்தூர் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நடந்ததைச் சொல்லு."

சொன்னேன்.

"எல்லாக் காருமா நின்னுச்சு?"

"எல்லாம்மா."

"அந்தப் பக்கம் வர்றதுமா?"

"அதுவும்தான். பஸ்ஸும் நின்னுச்சு."

"நின்னு, இறங்கி வந்தாங்களா?"

"முழங்கால் போட்டு எடுத்தாங்கம்மா."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது கோபமில்லை. வீட்டுக்குள் இதுவரை இல்லாத ஒரு கதவைக் கண்டுபிடித்தவள் போல நின்றாள். "வேகமா வர்ற கார் நிக்காதுன்னுல்ல நினைச்சிருந்தேன்," என்றாள். "நிறுத்த முடியாதுன்னுல்ல நினைச்சிருந்தேன்."

மாலையில் பக்கத்து வீட்டு ஹோசியத் சின்னம்மா வந்தாள். முனிசாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, "ஒரு ரொட்டிகூட டயர்ல மாட்டலையாமே கரோமத், அல்லாஹ் காப்பாத்தினான்," என்றாள் அம்மாவிடம். எதிர்வீட்டிலிருந்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சூப்பும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். இருந்தும் ஒவ்வொருவராக வந்து அதையே சொல்லச் சொல்ல நான் முனிசாவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக மஹல்லா தலைவர் முஹித்தீன் வந்தார். அம்மா தேநீர் ஊற்றினாள். தலைவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பையனைப் பார்த்துப் பேசிட்டேன் தங்கச்சி. நல்ல குடும்பம். அழுதான். ரொட்டி மேல ஏத்திடுவோமோன்னு பயந்து அப்படி பிரேக் போட்டேன்னு சொன்னான்."

"பிள்ளை மேல ஏத்திடுவோமோன்னு பயப்படலையாமா?" என்று கேட்டார் அப்பா.

"தோலிப், நீ எப்பவும் குதர்க்கம்தான். கைதானே, ஒட்டிக்கும். சின்னப் பிள்ளை எலும்பு மாவு மாதிரி. ரொட்டி மிதிபட்டிருந்தா மஹல்லாவோட பரக்கத்தே, இருக்கிற வளமே போயிருக்கும்."

"விளக்கு?" என்றாள் அம்மா.

"கம்பம் வந்திருச்சுல்ல. விளக்கும் வரும்."

"கம்பம் வந்து ரெண்டு வருஷமாச்சுண்ணே. அதுல கூடுகட்டின காக்காவே குஞ்சு பொரிச்சுப் பறக்கவிட்டுடுச்சு."

"அதுவரைக்கும் சந்தைப் பக்கம் சுரங்கப்பாதை இருக்கு. சுத்திப் போகட்டும். இல்லாட்டி ஒரு வருஷம் வீட்டுல இருக்கட்டுமே, என்ன குறைஞ்சுடப் போகுது?"

அந்தச் சுரங்கப்பாதையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்பது அவருக்கும் தெரியும். இந்த இடத்தில் அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவருக்கு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றினாள். "சாப்பிடுங்கண்ணே," என்றாள். அவ்வளவுதான். முனிசா பாடப்புத்தகங்களை ஒற்றைக் கையால் பைக்குள் திணித்து, பையை ஆணியில் மாட்டினாள். அதை இனி யாரும் எடுக்கப்போவதில்லை என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

திங்கட்கிழமை காலை அம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே முதல் சுற்று ரொட்டியை இறக்கிவிட்டாள். பிறகு கை கழுவி, முகம் கழுவி, திருமணத்துக்குக் கட்டுகிற தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். முனிசாவுக்குச் சீருடை போட்டு, மாவுக்கட்டுக் கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக் கட்டினாள். பையை ஆணியிலிருந்து எடுத்தாள். பெட்டியைத் திறந்து பெரிய தஸ்தர்கானை எடுத்தாள். அது விருந்தினர் முன்னால் விரித்து உணவு வைக்கிற துணி. எங்கள் வீட்டில் இரண்டு பெருநாளுக்கு மட்டும்தான் அது வெளியே வரும்.

"எங்க கரோமத்?" என்றார் அப்பா.

"விருந்து வைக்கப் போறேன்."

"யாருக்கு?"

"நிக்கிறவங்களுக்கு."

அப்பாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. புரிந்திருந்தால் வீட்டைவிட்டே வெளியே வந்திருக்க மாட்டேன்.

ரொட்டி தவறித் தலைகுப்புற விழுந்தாலே துடித்துப்போகிறவள் என் அம்மா. தந்தூர் பக்கம் நாங்கள் செருப்போடு நடந்தால்கூட அடி விழும். அந்த அம்மா, தேய்ந்த கோடுகளின் ஓரத்தில் நின்று, இரண்டு ரொட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். "துணியைப் பிடிச்சுக்கிட்டு என் பின்னாலயே வா," என்று மட்டும் என்னிடம் சொன்னாள். முதல் வரிசைக் கார் நின்றது. இரண்டாவது வரிசையில் ஒருவன் நிறுத்தாமல் அவளை உரசினாற்போல் போய்விட்டான். அவள் அசையவில்லை. அடுத்தவன் நின்றான். மூன்றாவது வரிசையும் நின்றது. அம்மா என்னிடமிருந்து தஸ்தர்கானை வாங்கித் தார்மேல் விரித்து, ரொட்டிகளை முகம் மேலே பார்க்க, நடுவில் வைத்தாள். விருந்துக்கு எப்படி வைப்பாளோ அப்படித்தான்.

ஒருவன் காரைவிட்டு இறங்கினான். "அம்மா, பைத்தியமா உங்களுக்கு? ரோட்டுல ரொட்டி வைக்கிறீங்க, பாவம்."

"பாவம்னு தெரியுதுல்ல. அப்ப நில்லு."

"எடுத்துடுங்கம்மா. பார்க்கவே நடுங்குது."

"எனக்கும் நடுங்குதுப்பா," என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். "இரோதா, அந்தப் பாதி உன்னோடது."

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்றுதான் ஆட்டினேன். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே வாய் வராதவள் நான். அம்மா தோளில் மாட்டியிருந்த ரொட்டிப் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். அது சுட்டது. நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பிரேக் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் திறந்தபோது எதிர்வரிசைக் கார்கள் எல்லாம் என் முன்னால் நின்றிருந்தன. கண்ணாடிகளுக்குப் பின்னால் ஆண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் கைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனிசா கடந்தாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பிள்ளைகள். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை, கோடுகளின் ஓரத்தில் காலங்காலமாகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் போல வரிசை வந்தது. தடியூன்றிய ஒரு தாத்தா. மாவு மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர். வண்டி தள்ளுகிற பெண்கள். ஹோசியத் சின்னம்மா ஓரத்திலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் இறங்கிக் கடந்தாள், துணியின் ஓரத்தை மிதிக்காமல் பாவாடையைத் தூக்கிக்கொண்டு.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓடி வந்தார். இளவயது. கையில் கறுப்பு வெள்ளைத் தடி.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"ரொட்டி வைக்க யாரைக் கேக்கணும்?" என்றாள் அம்மா.

"எடுங்க முதல்ல."

"நீ எடு தம்பி."

அவர் சுற்றிலும் பார்த்தார். கார்களிலிருந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். இரண்டு ரொட்டிகளையும் இரு கைகளால் எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் வைத்தார். எடுத்துவிட்டார். எங்கே வைப்பது? தரையில் வைக்க முடியாது. காரின் மேல் பறவை எச்சம். அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, வாங்கிக்கங்க. விசில் அடிக்கக்கூட முடியலை."

"பிள்ளைங்க போய் முடிக்கட்டும்."

அவர் சாலை நடுவில் ரொட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் நிற்கும்வரை ஒரு காரும் நகரவில்லை. கடந்துபோனவர்கள் அவருக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் தலையை அசைத்துப் பதில் சொன்னார். பள்ளி வாசலில் முனிசாவின் வெள்ளைக் கட்டு உள்ளே போவதைப் பார்த்தேன்.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு அம்மா துணியை உதறி மடித்தாள். ரொட்டிகளை வாங்கிக்கொண்டு அதில் ஒன்றை உடைத்துக் காவலரிடம் நீட்டினாள். அவர் மறுக்கவில்லை. தின்றுகொண்டே, "நாளைக்கும் இப்படியா?" என்று கேட்டார்.

"நாளைக்கு என்ன, பள்ளிக்கூடம் இன்னிக்கு மத்தியானமே விட்டுடும்," என்றாள் அம்மா. "அப்பவே வந்து நில்லு தம்பி. தடியை வீட்டுல வெச்சுட்டு வா."