நாற்பதுக்கு நாற்பது சம்மதம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்த ஆர்டர் போனது. பதினொன்று பதினேழுக்குள் சிங்காநல்லூர்ப் பட்டறைகள் நாற்பதும் அதை ஒப்புக்கொண்டுவிட்டன. சரவணம்பட்டி அலுவலகத்தில் மேனேஜர் மனோஜ்குமார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த களப்பணியாளர் வர்ஷினி மட்டும் திரையில் முதலில் இருந்த பெயரை மறுபடி படித்தாள்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். சின்னப் பட்டறைகளை ஒரு செயலிக்குள் கொண்டு வருவது, நடுவில் நின்று தின்கிற புரோக்கர்கள் இல்லாமல் பெரிய கம்பெனி வேலையை நேராக அவர்கள் கைக்குச் சேர்ப்பது. அரசாங்கம் ஒரு கை, மனோஜ்குமாரின் கம்பெனி ஒரு கை. செயலியில் ஒரு வேலை வந்தால் நாற்பது செல்போனிலும் மணி அடிக்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். பச்சையில் 'ஏற்கிறேன்', சிவப்பில் 'நிராகரிக்கிறேன்'. அன்றைக்குப் போனது வெள்ளோட்டம்: பட்டறைக்கு இருநூறு பம்பு ஷாஃப்ட், இரும்புத் தண்டை லேத் மெஷினில் கடைந்து பத்து நாளில் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து திட்ட அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் திட்டம் இன்னும் இரண்டு வருடம் ஓடும், வர்ஷினியின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் முப்பதாம் தேதியோடு வீட்டுக்குப் போகலாம். இது அவளுக்கு மூன்றாவது வேலை. முதல் வேலையில், வாடிக்கையாளரிடம் உங்கள் வெப்சைட்டை உங்கள் மனைவியே பார்க்க மாட்டார் என்று சொன்னாள். இரண்டாவது வேலை கடன் விற்பது. அங்கே, இந்தக் கடனை வாங்காதீர்கள் என்று ஒரே வாரத்தில் பதினாறு பேருக்கு அறிவுரை சொன்னாள். அவள் குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது. அம்மா மில்லில் யார் எந்த ஷிஃப்டைத் தலையில் கட்டினாலும் 'சரிங்க' என்று சொல்லிச் சொல்லியே முட்டி தேய்ந்தவள். அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அந்த வார்த்தை மட்டும் வாயில் வருவதில்லை.

"நூறு பர்சென்ட்டுங்க அம்மணி," என்றார் மனோஜ்குமார். "எந்த ஊர்லயும் அறுபதைத் தாண்டலையாமா."

"சார், திருமூர்த்தி அண்ணன் லேத்துல மோட்டாரே இல்லீங்க. எரிஞ்சு போய் வைண்டிங்குக்குக் குடுத்து மூணு வாரமாச்சு. அவருதான் மொதல்ல ஏற்கிறேன்னு அமுக்கியிருக்கறாரு."

"அப்படீங்களா. பார்த்துக்கலாங்க."

"மோட்டார் இல்லாம என்னத்தைங்க பார்க்கறது?"

மனோஜ்குமார் சிரித்த முகம் மாறாமல் கதவைச் சாத்தினார். "வெள்ளிக்கிழமை யாரும் ஷாஃப்ட்டைக் கேக்கப் போறதில்லைங்க. நம்பரைத்தான் கேப்பாங்க. நீங்க அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பேசாம உட்கார்ந்திருங்க. பர்மனென்ட் லெட்டரை நானே டைப் பண்ணித் தாரேன்."

பேசாமல் உட்காருவதற்குத் தனியாக ஒரு டிப்ளமோ இருந்தால் படித்திருப்பாள். மத்தியானமே சிங்காநல்லூர் போய்விட்டாள்.

திருமூர்த்தி தன் பட்டறையில், மோட்டார் இல்லாத லேத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, பனியனுக்கு மேல் சட்டை, சட்டைப்பையில் நாலு பேனா.

"வாங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா. இருநூறு ஷாஃப்ட்டை எதுல கடையப் போறீங்க?"

"ஆகட்டுங்க, பண்ணிப்போடலாம்."

"எதுல?"

திருமூர்த்தி லேத்தைப் பார்த்தார். லேத்தும் அவரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. "ஒருத்தர் நம்மளை நம்பி ஒரு வேலை கொண்டு வாராங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படீங்க சொல்றது? வீடு தேடி ஒறம்பரை வந்தா சோறில்லைன்னு சொல்லுவோமா?"

"வந்தது ஒறம்பரை இல்லீங்கண்ணா, நோட்டிஃபிகேஷன். அதுக்கு மூஞ்சியே கிடையாது."

"அனுப்புனது நீங்கதானுங்களே. உங்களுக்கு மூஞ்சி இருக்குதுல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முடியலைன்னா ஜபருல்லா பாய்கிட்டக் குடுத்து வாங்கிக்குவேன்," என்றார்.

அடுத்த பட்டறை சாந்தாமணியுடையது. ஐந்து டிரில்லிங் மெஷின்கள் போட்டு நடத்துகிறார். ஓட்டை போடச் சொன்னால் ஊரிலேயே அவருக்கு நிகர் கிடையாது. ஆனால் ஷாஃப்ட் கடைய லேத் வேண்டும். அது அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"நீங்களும் ஏற்கிறேன்னு போட்டிருக்கீங்களேங்கக்கா."

"பின்ன என்ன கண்ணு பண்ணச் சொல்ற? நிராகரிக்கிறேன்னு எழுதியிருக்குது. அதும் செகப்புல. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி. அதை அமுக்கறதுக்குக் கை வருமா?"

"லேத்து இல்லாம?"

"பாய்கிட்டக் குடுத்துருவேன்."

"எல்லாரும் பாய்கிட்டக் குடுத்தா பாய் என்னங்கக்கா பண்ணுவாரு?"

"அதை நீ பாய்கிட்டத்தான் கேக்கோணும்."

ஜபருல்லா பாயின் பட்டறை மூன்றாவது சந்தில் இருந்தது. இரண்டு லேத்தும் ஒரு கிரைண்டிங் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அறுபதை நெருங்கும் மனிதர். ஒரு முடியைக் கொடுத்தால் அதைக்கூட அளவு மாறாமல் கடைந்து கொடுப்பார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். பேச்சு குறைவு, அதிலும் அடுத்தவர் பேச்சு அறவே கிடையாது.

"எனக்குப் பொங்கல் வரைக்கும் வேலை இருக்கும்மா," என்றார். "ஆனா நீங்க கேட்டுட்டீங்க. மறுத்தா மனசு சங்கடப்படும்."

"அப்ப எப்படிங்க பாய் முடிப்பீங்க?"

"திருமூர்த்திகிட்டக் குடுக்கலாம்னு. அவர் லேத்து நெம்ப நல்ல லேத்து."

வர்ஷினி அங்கேயே ஒரு இரும்புப் பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களெல்லாம் பாயை நம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாய் திருமூர்த்தியை நம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். திருமூர்த்தியின் மோட்டாரோ வைண்டிங் கடை மேஜை மேல் குடல் சரிந்து கிடக்கிறது. கணக்கில் எட்டாயிரம் ஷாஃப்ட், கையில் ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது சாந்தாமணி வாசலில் நிறுத்தினார். "என்ன சொன்னாரு பாய்? அவருக்குப் பொங்கல் வரைக்கும் தலைக்கு மேல வேலையாச்சே. சொல்லியிருக்க மாட்டாரே. திருமூர்த்தி லேத்து வேற செத்துக் கெடக்குது. அதைத் திருமூர்த்தியும் சொல்லியிருக்க மாட்டாரு. கதிரேசன் ஆளுங்க ரெண்டு பேரு நின்னுட்டாங்க, பாதி வேலைதான் நடக்குது. கடைசிச் சந்துல லட்சுமியம்மாள் பையன் புது லேத்து எறக்கி வெச்சுட்டு வேலையில்லாம ஈ ஓட்டறான். அவன்கிட்டக் குடுத்தா எட்டே நாள்ல முடிப்பான்."

வர்ஷினி வண்டிச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். தன்னால் முடியாது என்று சொல்ல வாய் வராத இந்த அம்மாளுக்கு, அடுத்த முப்பத்தொன்பது பேரால் எது முடியும், எது முடியாது என்பது விரல்நுனியில் இருந்தது.

புதன்கிழமை இதை மனோஜ்குமாரிடம் சொன்னாள். கேள்வியை மாற்ற வேண்டும் என்றாள். முடியுமா என்று கேட்டால் இந்த ஊர் முடியும் என்றுதான் சொல்லும். யாரால் முடியும் என்று கேட்க வேண்டும்.

"அருமையான ஐடியாங்க. வெள்ளிக்கிழமை முடியட்டும், பேசலாம்," என்றார் மனோஜ்குமார். "அதுவரைக்கும் அமைதிங்க அம்மணி. அமைதி."

வெள்ளிக்கிழமை பட்டறைக்காரர்கள் சங்கக் கட்டிடத்தில் நாற்பது பேரும் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு மிக்சர் பொட்டலம், ஒரு மைசூர்பாகு. சென்னை அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். திரை முழுக்கப் பச்சை, நடுவில் நூறு சதவீதம் என்று எழுதியிருந்தது.

"ஒருத்தர்கூட மறுக்கலையா?" என்று கேட்டார்.

"எங்க மக்களோட ஒத்துழைப்பு மேடம்," என்றார் மனோஜ்குமார்.

"ரொம்ப சந்தோஷம். அப்போ வெள்ளோட்டம் எதுக்கு? பம்பு கம்பெனி உண்மையான ஆர்டருக்கே தயார்னு சொல்லியிருக்காங்க. நாற்பது பேருக்கும் தலா இருநூறு. இப்பவே உறுதி பண்ணிடறேன். ஒண்ணு மட்டும். தேதிக்குக் கொடுக்காதவங்க பேர் பட்டியல்ல இருந்து போயிடும், திரும்பச் சேர்க்க முடியாது. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

மிக்சர் பொட்டலங்கள் மடிந்தன. திருமூர்த்தி மெதுவாக எழுந்தார். மூன்று வாரமாக மோட்டார் இல்லாத மனிதர். "பண்ணிப்போடலாமுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முப்பத்தொன்பது தலைகள் ஆடின. அதிகாரியம்மா பேனாவின் மூடியைத் திறந்தார்.

வர்ஷினி பற்களைக் கடித்துப் பார்த்தாள். பர்மனென்ட் லெட்டரை நினைத்துப் பார்த்தாள். மகள் சரவணம்பட்டியில் ஆபீஸர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் அம்மாவை நினைத்தாள். அந்த அம்மாவின் முட்டியையும் சேர்த்து நினைத்தாள். அதில்தான் காரியம் கெட்டது.

"முடியாதுங்க மேடம்."

மனோஜ்குமார் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாருக்கு முடியாது?" என்றார் அதிகாரியம்மா.

"முக்காவாசிப் பேருக்கு. அந்த நூறு பொய்யிங்க. திருமூர்த்தி அண்ணா, உங்க லேத்து ஓடுதுங்களா?"

"ஓடுமுங்க."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு..." திருமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை மைசூர்பாகோடு விழுங்கினார்கள். வர்ஷினி முன்னால் வந்து நின்றாள். "எல்லாரும் போனை எடுங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். இந்த இருநூறு ஷாஃப்ட்டை யாருகிட்டக் குடுத்தாப் பத்து நாள்ல வரும், யாருகிட்டக் குடுத்தா வராது, அதை மட்டும் என் நம்பருக்கு அனுப்புங்க. யார் சொன்னதுன்னு என் வாயில இருந்து வராது."

"அதெப்படீங்க, அடுத்தவங்களைப் பத்தி..." என்று இழுத்தார் கதிரேசன். இழுத்துக்கொண்டே போனை எடுத்தார்.

வர்ஷினியின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அப்புறம் நிற்கவேயில்லை. மேஜை மேல் வைத்தால் மேஜையைத் தாண்டி நடக்கப் பார்த்தது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், சோம்பேறிகள் வாயைப் பொத்திக்கொண்டு குரலைப் பதிவு செய்தார்கள். சாந்தாமணியிடம் லேத்தே இல்லீங்க, நல்ல மனுஷி, பாவம் என்று திருமூர்த்தி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அனுப்பினார். அதே நிமிடம் சாந்தாமணியிடமிருந்து திருமூர்த்தியின் மோட்டாரைப் பற்றி, வைண்டிங் கடை முகவரியோடு முழு அறிக்கை வந்தது. ஒருவர் தன் சொந்த மைத்துனனைப் பற்றி நாலு செய்தி அனுப்பினார். ஷாஃப்ட்டுக்குச் சம்பந்தமானது அதில் ஒன்றுதான்.

முடியும் என்று முப்பத்தோரு பேர் சொன்ன ஒரே பெயர் ஜபருல்லா பாய். அதிகாரியம்மா அவரைப் பார்த்தார். பாய் எழுந்து தொண்டையைச் செருமினார், தொப்பியைச் சரி செய்தார், வாயைத் திறந்தார்.

"அவருக்குப் பொங்கல் வரைக்கும் வேலை இருக்குதுங்க மேடம்," என்றார் சாந்தாமணி. "நீங்க நாளைக்கு வரைக்கும் நிக்க வெச்சாலும் அவரு சொல்ல மாட்டாரு."

பாய் நன்றியோடு உட்கார்ந்தார்.

எல்லாம் கழித்து ஒன்பது பட்டறை மிஞ்சியது. லட்சுமியம்மாள் மகன் முதல் பெயர். அதிகாரியம்மா தன் தாளில் நூறை அடித்துவிட்டு ஒன்பது பட்டறை என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். "நாலு மாவட்டம் சுத்திட்டேன்," என்றார். "இதுதான் நம்புற மாதிரி இருக்கிற முதல் நம்பர். இந்தக் கேள்வி யாரோட யோசனை?"

"இது எங்க அடுத்த கட்டத் திட்டத்துல இருக்குதுங்க மேடம்," என்றார் மனோஜ்குமார். கண் எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"என்னோடதுங்க," என்றாள் வர்ஷினி. "புதன்கிழமை சார்கிட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முடியட்டும்னாரு."

அதிகாரியம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் திட்டத்துக்கு இரண்டு வருட நீட்டிப்பு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: கேள்வி மாற வேண்டும், களப் பொறுப்பில் அந்தப் பெண்ணே இருக்க வேண்டும். சாயங்காலம் மனோஜ்குமார் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு உறையை நீட்டினார். பர்மனென்ட் லெட்டர்தான். வர்ஷினி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாவது வரியில் நின்றாள். மேனேஜரின் முன் அனுமதி இல்லாமல் எந்தக் கூட்டத்திலும் வெளி அதிகாரிகளிடம் பேசக்கூடாது என்று இருந்தது.

மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். ஏழாவது வரியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அடித்தாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"அம்மணி, அது நான் போட்டதில்லைங்க. ஹெச்.ஆர். போட்டது."

"அப்ப ஹெச்.ஆர். நம்பர் குடுங்க. நானே பேசிக்கறேன்."

மனோஜ்குமார் அவள் ஹெச்.ஆரோடு பேசுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் போல. ரொம்ப நேரம் ஓடவில்லை. பேனாவை வாங்கி, அடித்த வரிக்குப் பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டார்.

"சந்தோஷம்தானுங்களே?"

வர்ஷினி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"அடுத்தது பெட்ரோலுங்க சார்," என்றாள். "ஆறு மாசமா நாற்பது பட்டறைக்கும் என் சொந்த வண்டியில, என் சொந்தப் பெட்ரோல்லதான் போயிட்டிருக்கேன்."