பத்தாவது வாரம்

புவனேஸ்வரி தன் பேரில் இருந்த ஒரு பழைய நிரலைப் படித்துக்கொண்டிருந்தாள். பத்து வாரத்துக்கு முன்னால், ஒரு வரிகூடப் படிக்காமல் அவள் 'சரி' என்று அமுக்கிய நிரல் அது.

நாகல் நகரில் டயர் கடைக்கு மேலே அவள் வேலை பார்க்கும் மென்பொருள் ஆபீஸ். நிரல் எழுத ஏஐ வாங்கிக் கொடுத்த அன்று, இதைப் பழக எத்தனை நாள் ஆகும் என்று முதலாளி பிராங்கிளின் கேட்டார். ஒரு வாரம் போதும் என்று சொன்னாள் இந்த மகராசி. கேட்டதை எழுதித் தருகிறது, சோதனையெல்லாம் தேறிப் பச்சையாக வருகிறது, இதில் பழக என்ன கிடக்கிறது என்ற நினைப்பு. அந்த வாரமே வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்குத் தீ எச்சரிக்கை மென்பொருள் செய்துகொடுத்தாள். பஞ்சு குடோனில் தூசு பறந்தாலே மணி அடித்து வேலை நிற்கிறது, வீண் மணி அடிக்கக் கூடாது என்றார்கள். அதை அப்படியே ஏஐயிடம் சொன்னாள். மணி நின்றது. மில்காரர்கள் அல்வா கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் ரெண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஏஐ எதைச் சொல்லாமல் விடும், எங்கே தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும், தன் தப்புக்குத் தோதாகச் சோதனையையும் எப்படி எழுதிவைக்கும் என்றெல்லாம் பிடிபட இந்தப் பத்து வாரம் ஆனது. தெரிந்த கண்ணோடு இன்று பழசைத் திறந்தாள். புகை பார்க்கும் கருவியிலிருந்து பதில் வராவிட்டால், 'எல்லாம் சரி' என்று குறித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. கருவி செத்துக் கிடந்தாலும் திரையில் பச்சைதான்.

அந்தக் குடோனில்தான் அவள் தங்கை மணிமேகலை ரெண்டாம் ஷிப்ட் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "மூலையில ரெண்டு நாளா கருகுன வாடை அடிக்குதுக்கா" என்றாள். புவனேஸ்வரி சிரித்தாள். "மணி அடிச்சுச்சா? அடிக்கலல்ல. நான் செஞ்சதுடி அது. பேசாம வேலையப் பாரு."

இப்போது மணி ரெண்டே கால். ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வரும் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். மில் சூப்பர்வைசர் பெருமாள்சாமியைப் போனில் கூப்பிட்டு, குடோனில் இருப்பவர்களை வெளியே வரச் சொல்லும்படி கெஞ்சினாள்.

"ஏம்மா, ஸ்கிரீன் பச்சையாத்தான இருக்கு? பச்சையா இருந்தா யாரும் எந்திரிச்சுப் போயிப் பாக்க வேணாம்னு நீதான சொன்ன."

"தெரியாமச் சொல்லிட்டேண்ணே. ஒரு எட்டு போய்ப் பாருங்க. என் தங்கச்சி உள்ள இருக்கா."

செத்த நேரம் லைனில் இரு என்று போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்ததும் மெஷின் இரைச்சல் காதில் வந்து விழுந்தது. அவள் தன் திரையில் கருவிகள் கடைசியாகப் பேசிய தேதியைத் தேடி எடுத்தாள். மூலைக் கருவி பேசிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பாவி, பாவி என்று வாய்விட்டுச் சொன்னாள்.

போனில் இரைச்சல் சட்டென்று நின்றது; லைன் அறுபடவில்லை, அங்கே மெஷின்கள்தான் நின்றிருந்தன. "அண்ணே, அண்ணே" என்று போனுக்குள் கத்தினாள். திரையில் குடோன் கருவிகளுக்கான பன்னிரண்டு புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன.