ஏற்றத்தில் ஒரு மூச்சு

பனிமூட்டத்துக்குள் வண்டி மெல்ல அடங்குகிறது, மிதியை முழுக்க அழுத்தியும் இழுவை இல்லை, பாடிக்கொண்டே வந்தவர் பாதி வரியில் தூங்கிப்போவதுபோல் இஞ்சின் ஓசை தேய்ந்து முனகலாகிறது, பின்சக்கரத்துக்குக் கல் வைக்க நான் இறங்குகிறேன், உள்ளே என் மனைவி சுகந்தி நிறைவயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடி முருகா முருகா என்கிறாள், இது எந்த நாள் என்று தெரியவில்லை, அந்த மாதங்களில் எல்லா நாளும் இந்த வளைவில்தான் வந்து நின்றன, சில்வர் ஓக் மரங்கள் பாதி உடம்போடு நிற்கிற இந்த வளைவில், கேரட் மூட்டைகளோடு ஒரு நாள், அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகையில் ஒரு நாள், டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன், இருக்கும், மூடிவிட்டு வந்து சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி உறுமிக்கொண்டு ஏறும், பாத்தீங்களா, கும்பிட்டேன், சாமிக்குக் கேட்டுச்சு என்பாள், நானும் ஆமாம் என்பேன், ஆனாலும் மேலே போய்ச் சேரும்வரை இஞ்சின் ஓசையிலேயே காதை வைத்திருப்பேன், ஏனென்றால் குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் தாமதிக்காமல் மேலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், எங்கள் பள்ளத்து ஊரில் இருந்த ஒரே வண்டி இந்தப் பழைய பிக்கப்தான்.

மேலே டவுனில் மெக்கானிக் ஜலீல் பாய் டீசல் ஃபில்டரை மாற்றினார், ஏர் ஃபில்டரை ஊதினார், பம்பைக் கழற்றிப் பூட்டினார், ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் வண்டி குதிரையாக இருக்கும், உன் வண்டிக்கும் மசக்கையா மாப்ளே, என்னைக் கண்டா மட்டும் நல்லா நடிக்குதே என்று சிரிப்பார், சுகந்தியைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கியதிலிருந்து நான் அவருக்கு மாப்ளே, பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு அவரே பள்ளத்துக்கு நடந்து இறங்கி வந்தார், யாரும் கூப்பிடவில்லை, நானும் கூட வரேன், அது எங்க படுக்குதோ அங்கயே பாத்துடுவோம் என்று ஏறி உட்கார்ந்துகொண்டார், மூவருமாய்ப் போகிறோம், வளைவு வருகிறது, வண்டி அடங்குகிறது, பழக்கத்தில் நான் டேங்க் மூடியைத் திருகுகிறேன், உஸ்ஸ் என்று நெடுநேரம் அடக்கிய மூச்சைப்போல் காற்று உள்ளே பாய்கிறது, இரு இரு, ஒவ்வொரு தடவையும் இதத் திறந்துட்டுத்தான் வண்டிய எடுப்பியா என்று பாய் என் கையிலிருந்து மூடியை வாங்குகிறார், அதில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் காலையில் வைத்த ஈரச் சந்தனம், வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி சக்கரத்துக்கும் விளக்குக்கும் பொட்டு வைக்கும் சுகந்தி, வண்டி சாப்பிடற வாயாச்சே என்று மூடிக்கு மட்டும் அப்பி வைப்பாள், வயிறு கனக்கக் கனக்க இன்னும் தடிப்பாக, மூடியிலிருந்த ஊசிமுனை ஓட்டை அடியில் எங்கோ புதைந்துவிட்டது, ஏத்தத்துல டீசல் மளமளன்னு குறையும், அந்த இடத்துக்குக் காத்து வரணும் மாப்ளே, வழிய அடைச்சா டேங்க் டீசல விடாம இழுத்துப் பிடிச்சுக்கும் என்று அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறார்.

தங்கச்சி, ஒரு ஊக்கு குடும்மா, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றியபடி சுகந்தி இறங்கி வந்துவிட்டாள், பாய் அதை வாங்கிக் குத்தக் குத்தச் சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பார்த்தாள், நானா அண்ணே, நானா அடைச்சேன், அப்ப இத்தனை நாள் கும்பிட்டது என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பாய் ஓட்டையை ஊதிப் பார்த்துக்கொண்டே சொன்னார், அழாதம்மா, நீ அங்க கும்பிட்ட, இவன் இங்க மூடியத் திறந்தான், காத்து உள்ள போச்சு, வண்டி ஏறுச்சு, டீசல் இருக்குன்னு தெரிஞ்சும் இந்த மடையனத் தினம் திறக்க வெச்சது யாரு, அப்ப இனிமே பொட்டு வைக்கக் கூடாதாண்ணே என்றாள், யாரு சொன்னா, மூடிய விட்டுடு, இங்க வை என்று தன் விரலில் ஒட்டியிருந்த ஈரச் சந்தனத்தை மூடிக்குப் பக்கத்துத் தகரத்தில் அவரே வைத்தார், ஒரு சின்ன மஞ்சள் வட்டம், பனியில் அது மட்டும் துலங்கிக்கொண்டிருந்தது, கடவுள் சில சமயம் கிரீஸ் படிந்த விரலோடு வருகிறார் என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

குறுக்கே கிடந்தவள் இன்று எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே படுத்துத் தூங்குகிறாள், ஆனால் நினைவில் அவள் இன்னும் பிறக்கவில்லை, அது வலி எடுத்த காலை, பனிமூட்டத்துக்குள் வண்டி ஏறிக்கொண்டே இருக்கிறது, சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள், ஏங்க, வளைவு வந்ததும் சொல்லுங்க, நான் கும்பிடணும், வளைவு எப்பவோ போயிடுச்சும்மா, ஆஸ்பத்திரி விளக்கு தெரியுது பாரு, அவள் கண்ணைத் திறக்கவில்லை, அப்படின்னா அண்ணனுக்காகக் கும்பிட்டுக்கறேன் என்றாள்.